ஐந்தாம் படுக்கையின் ஈரக்காற்று

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் சிடுமூஞ்சி. முகத்துக்கு நேரே ‘டெக்னீஷியன் மேடம்’ என்பார்கள். நாலடி தள்ளிப் போனதும் சிடுமூஞ்சிதான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து, அந்தப் பெயருக்குக் களங்கம் வராமல்தான் நடந்துகொண்டாள். காலை ஏழரைக்கு உள்ளே நுழையும்போதே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். வணக்கம் சொன்னவருக்குப் பதில் வணக்கம் வராது, “மூணாம் படுக்கைத் தண்ணிய யாரு பாத்தது?” என்றுதான் வரும். வார்டில் அவளைப் பிடித்தவர்கள் என்று ஒருவரும் இல்லை. இதுவும் அவளுக்குப் பரிந்து பேசுவதற்காக எழுதப்படுவது இல்லை.

அவள் வேலை என்னவென்று முதலில் சொல்லியாக வேண்டும். நாம் இழுக்கும் காற்றை மூக்கு சூடாக்கி, ஈரமாக்கி, அப்புறம்தான் நுரையீரலுக்கு விடுகிறது. மூக்கு செய்யும் இந்த உபகாரத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வாய் வழியாகக் குழாயை இறக்கி வெண்டிலேட்டரில் மாட்டியவருக்கு மூக்கு இருந்தும் பிரயோசனம் இல்லை. சுவர்க் குழாயிலிருந்து வரும் காற்றோ குளிர்ந்தது, பொட்டு ஈரம் இல்லாதது. அதை அப்படியே உள்ளே விட்டால் சளி காய்ந்து, குழாயில் பசை மாதிரி பிடித்து, மூச்சையே அடைத்துவிடும். அதனால் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சூட்டுத் தட்டு, அதன் மேல் கிருமி நீக்கிய தண்ணீர் நிரப்பிய ஒரு டப்பா. காற்று அந்தத் தண்ணீரைத் தொட்டு, உடம்புச் சூட்டுக்கு வந்து, ஈரத்தோடு நோயாளிக்குப் போகும். பத்துப் படுக்கைக்கும் பத்து ஹ்யூமிடிஃபையர். பத்துக்கும் அவள்தான் எஜமானி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு பெரியவருக்குக் குழாய் அடைத்துக்கொண்டது. முந்தின ஷிப்டில் யாரோ ஹீட்டரை அணைத்துவிட்டு மறந்து போயிருந்தார்கள். அடைத்த குழாயை டாக்டர் உருவிப் போட்டபோது, அதன் நுனியில் காய்ந்த கோந்து உருண்டை மாதிரி ஒன்று இருந்தது. பெரியவர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் இந்த டப்பாக்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து வந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஷிப்டில் ஒரு குழாய்கூட அடைத்தது கிடையாது. டப்பாவில் குழாய்த் தண்ணீரை ஊற்றிய பயிற்சி நர்ஸ் ஒருத்தியைப் பத்துப் பேர் முன்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியதில், அந்தப் பெண் அன்றைக்கே வேலையை விட்டுப் போனாள். அதற்காகச் சிடுமூஞ்சி வருத்தப்படவில்லை. “போகட்டும். ஒரு உசுரு மிச்சம்,” என்றாள்.

வீட்டிலும் அதே லட்சணம்தான். இரண்டாவது மாடியில் தனியாக இருந்தாள். கீழ்வீட்டுக்காரன் மாடிப்படி அடியில் ஸ்கூட்டரை நிறுத்துகிறான் என்று மூன்று வருஷமாகச் சண்டை. எதிர்வீட்டுப் பெண் குப்பைக்கூடையை வெளியே வைக்கிறாள் என்று இன்னொரு சண்டை. பிள்ளைகள் இல்லை. புருஷன் இருந்தான், தையல் மெஷின் ரிப்பேர் செய்பவன். நுரையீரல் கெட்டுப்போய், கடைசி ஒன்றரை வருஷம் கட்டிலும் ஆக்சிஜன் மெஷினுமாகக் கிடந்தான். அந்த மெஷினிலும் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் உண்டு. காற்று அதில் குமிழியிட்டு வரும். காலையில் டூட்டிக்குக் கிளம்புமுன் அதை நிரப்பிவிட்டுப் போவாள். ஒரு நாள் பதினொன்றேகால் மணிக்கு, அவள் யாருடைய மூச்சுக்கோ சூடு பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் போய்விட்டான்.

முதலில் வந்து பார்த்தவள் அவனுடைய தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார். அவளும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாவு வீட்டில், வந்தவர் போனவர் எல்லார் முன்னாலும், அந்தப் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாத்தனார் சொன்னாள்: “பாருங்க, சொட்டுத் தண்ணி இல்ல. ஊரான் மூச்சுக்கெல்லாம் தண்ணி ஊத்துறவ, கட்டினவன் மூச்சுக்கு ஊத்தல.”

காலி பாட்டிலால் யாரும் சாவதில்லை. மூக்கு காயும், ரத்தம் கசியும், அவ்வளவுதான். இது நாத்தனாருக்கும் தெரியும். சொன்னது கோபத்தில். ஆனால் சிடுமூஞ்சிக்கு வேறு ஒரு முள் தைத்திருந்தது: அன்று காலை அந்தப் பாட்டிலை நிரப்பினோமா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பொய் என்று முகத்திலடித்த மாதிரி சொல்ல முடியாததை எப்படி மன்னிப்பது? அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம்.

விதி என்று சொல்லுங்கள், நிர்வாகம் என்று சொல்லுங்கள், போன வருஷம் அந்த நாத்தனாரையே இந்த வார்டுக்குத் தலைமை நர்ஸாகக் கொண்டுவந்து போட்டார்கள். ஒரே அறை, பத்துப் படுக்கை, எட்டு மணி நேரம். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வார்டு ஆயாதான் தபால்காரி.

“ஆயா, ரெண்டாம் படுக்கைக்குச் சளி எடுக்கணும், மெஷின் பக்கம் வழி விடச் சொல்லு,” என்பாள் நாத்தனார். சிடுமூஞ்சி மூன்றடி தள்ளித்தான் நின்றிருப்பாள்.

“ஆயா, கேட்டுச்சுன்னு சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு, என் தொண்டைதான் போகுது,” என்று ஆயா முணுமுணுப்பாள். டாக்டர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

ஆயாவை அனுப்ப முடியாத இடம் ஒன்று இருந்தது. நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோகும்போது ஹ்யூமிடிஃபையரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்குப் பதில் குழாயின் வாயில் கட்டைவிரல் பருமனில் ஒரு பில்டரைச் செருகுவார்கள். நோயாளி விடும் மூச்சின் ஈரத்தை அது பிடித்துவைத்து, அடுத்த மூச்சில் அவருக்கே திருப்பிக் கொடுக்கும். திரும்பி வந்ததும் பில்டரை எடுத்துவிட்டுத்தான் ஹீட்டரைப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து இருக்கவே கூடாது. ஹீட்டர் அனுப்பும் ஈரத்தையெல்லாம் பில்டர் குடித்து, ஊறி, அடைத்துக்கொள்ளும். மற்ற ஷிப்டுகளில் டெக்னீஷியன் “பில்டர்?” என்று கத்துவார், நர்ஸ் “எடுத்தாச்சு!” என்று கத்துவாள், வேலை முடிந்தது. இவர்கள் கத்த முடியாதே! அதனால் தாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். நாத்தனார் பில்டரை எடுத்ததும் ஒரு துண்டு பிளாஸ்திரியில் ‘எடுத்தாச்சு’ என்று எழுதி மெஷின் பக்கவாட்டில் ஒட்டுவாள். சிடுமூஞ்சி அதைப் பார்த்து ஹீட்டரைப் போட்டுவிட்டு, பிளாஸ்திரியைக் கிழித்துப் போடுவாள். ஒரு வார்த்தைகூடச் செலவில்லை. இதை நினைத்து இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் பெருமைகூட இருந்திருக்கும்.

ஐந்தாம் படுக்கையில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, நிமோனியா, வெண்டிலேட்டரில் பன்னிரண்டாவது நாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்தார். மயக்க மருந்தைக் குறைத்திருந்தார்கள், விழித்துத்தான் இருந்தார். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு தளர்த்திக் கட்டியிருந்தார்கள். வாயில் குழாய் இருப்பதால் பேச்சு இல்லை. அன்று காலை ஸ்கேனுக்குப் போய்விட்டுப் பத்தேகாலுக்குத் திரும்பினார். படுக்கையைச் சுவரோரம் தள்ளி, மெஷினை மாட்டிய அதே நொடியில் எட்டாம் படுக்கையில் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட, நாத்தனார் அங்கே ஓடினாள்.

சிடுமூஞ்சி வந்தாள். மெஷின் பக்கவாட்டில் ‘எடுத்தாச்சு’ என்று பிளாஸ்திரி இருந்தது. ஹீட்டரைப் போட்டாள், சூடு முப்பத்தேழு வைத்தாள், டப்பாவில் தண்ணீர் அளவைப் பார்த்தாள், அடுத்த படுக்கைக்குப் போனாள்.

அரை மணி நேரம் கழித்து ஐந்தாம் படுக்கைப் பக்கம் வந்தவள் அப்படியே நின்றாள். குழாயின் வாயில் பில்டர் இருந்தது. உள்ளே வெள்ளைத் தாள் நனைந்து சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

கையை நீட்டி எடுத்தால் நாலு நொடி வேலை. கை பாதிவரை போகவும் செய்தது. அங்கேதான் அந்த நினைப்பு வந்தது: எடுக்காமலே ‘எடுத்தாச்சு’ என்று ஒட்டியிருக்கிறாள்! பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். அவர் கண்ணால் பார்க்கட்டும். கையும் களவுமாக மாட்டட்டும். ஒரு பாட்டிலைத் தூக்கிப் பிடித்தவள், பத்துப் பேர் நடுவில் இதற்கு என்ன பதில் சொல்கிறாள் பார்ப்போம். பதினைந்து நிமிஷத்தில் ஒன்றும் ஆகிவிடாது. காற்றைத் தள்ள மெஷின் கொடுக்கும் பிரஷர் இருபது என்று காட்டியது. இருபது ஒன்றும் பயப்படுகிற எண் இல்லை.

டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை வந்ததையும் திரும்பிப் போனதையும் பார்த்தார்.

அன்று பார்த்துப் பெரிய டாக்டரை நிர்வாகக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பதினொன்று ஆயிற்று, வரவில்லை. பிரஷர் இருபத்துநாலு. பதினொன்றேகால், இருபத்தொன்பது. சிடுமூஞ்சி நாலாம் படுக்கைக்கும் ஆறாம் படுக்கைக்கும் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கண் பில்டரில், ஒரு கண் வாசலில். இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம். டிரைவரின் நெஞ்சு மேலும் கீழும் தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டிய கையின் விரல் முட்டியால் கட்டில் கம்பியைத் தட்டினார். டக், டக், டக். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணால் குழாயைக் காட்டினார். அவள் வாசலைப் பார்த்தாள்.

முப்பத்தைந்தில் மெஷின் அலறியது. எட்டாம் படுக்கையிலிருந்து நாத்தனார் தலையைத் தூக்கினாள். அவ்வளவுதான், அவள் வந்துவிடுவாள், வந்து பில்டரைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவாள். சிடுமூஞ்சி சட்டென்று சத்தத்தை நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். இரண்டு நிமிஷத்துக்கு மெஷின் வாயை மூடிக்கொண்டது. “ஆயா, இங்க நான் பாத்துக்கறேன்னு சொல்லு,” என்றாள்.

அந்த இரண்டு நிமிஷம்கூட முடியவில்லை. டிரைவரின் உதடு நீலம் பாய்ந்தது. ஆக்சிஜன் அளவு எண்பது, எழுபத்திரண்டு, அறுபது என்று படிக்கட்டில் உருளுவது போல் இறங்கியது. அப்போதுதான் வாசலை விட்டுக் கண்ணை எடுத்தாள். பாய்ந்து பில்டரைப் பிடுங்கி எறிந்தாள், கையால் மூச்சுக் கொடுக்கும் பையை மாட்டி அமுக்கினாள், சளியை உறிஞ்சினாள், மறுபடி அமுக்கினாள். டாக்டர்கள் ஓடி வந்தார்கள். நாத்தனார் ஓடி வந்தாள். ஆறு நிமிஷத்தில் எண் தொண்ணூறைத் தொட்டது. தரையில் கிடந்த பில்டரை எடுத்துப் பார்த்தார் பெரிய டாக்டர். கூட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார்.

“இது எப்படி இங்க?” என்றார்.

“நான்தான் செருகினேன் சார்,” என்றாள் நாத்தனார். “எட்டாம் படுக்கைக்கு ஓடிட்டேன். எடுக்கல.”

பெரிய டாக்டர் சிடுமூஞ்சியின் பக்கம் திரும்பினார். “நீங்க கவனிக்கலன்னா இந்த ஆள் இல்ல.”

சிடுமூஞ்சி குனிந்து டப்பாவின் தண்ணீர் அளவைப் பார்த்தாள். மாலையிலேயே நாத்தனாரை வார்டிலிருந்து எடுத்து, விசாரணை முடியும்வரை துணிக் கிடங்குக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. படுக்கை விரிப்பு மடித்து எண்ணும் வேலை. போகும்போது வாசலில் நின்று, வழக்கம்போல ஆயாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

“ஆயா, அவங்ககிட்ட சொல்லு. நான் இன்னைக்கு எதையும் எழுதி ஒட்டல.”

சிடுமூஞ்சி ஐந்தாம் படுக்கைக்குப் போய்ப் பிளாஸ்திரியைப் பார்த்தாள். ஓரம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. முந்தாநாள் எக்ஸ்ரேவுக்குப் போய் வந்தபோது ஒட்டியது. கிழித்துப் போட வேண்டியவள் அவள். இப்போது கிழித்தாள். உருட்டிக் குப்பையில் போட்டாள். விசாரணையில் கேட்டபோது, “ஹீட்டர் போடும்போது எடுத்துட்டாங்கன்னு நினைச்சேன்,” என்றாள். அது பொய் இல்லை. பொய்யைவிட மோசம்.

டிரைவரின் மனைவிக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வந்து சிடுமூஞ்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுதாள். “என் பிள்ளைங்களுக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுத்திருக்கீங்கம்மா,” என்றாள். யாரிடமும் கையைக் கொடுக்காத சிடுமூஞ்சி அன்று கையை இழுத்துக்கொள்ளவும் தெம்பில்லாமல் நின்றாள்.

அடுத்த பதினொரு நாள் அவளுக்கு நரகம். டிரைவர் அவள் வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். இதயத் துடிப்பு நூற்றிருபதுக்கு ஏறும். “உங்களைப் பாத்தா மட்டும் இவருக்குப் படபடன்னு வருது. நன்றியைச் சொல்ல முடியலையேங்கற தவிப்பு போல,” என்றாள் மனைவி. அவருக்குப் பேனாவைப் பிடிக்கக் கையில் வலு இல்லை. கம்பியைத் தட்டித் தட்டி எதையோ சொல்லப் பார்த்தார். தாகம் என்று நினைத்து மனைவி உதட்டை நனைத்தாள். சிடுமூஞ்சிக்கு மட்டும் அந்தத் தட்டல் புரிந்தது.

அவர் வாயிலிருந்து குழாய் வரும் நாளில் வார்த்தையும் வரும். குழாய் வர வேண்டுமென்றால் சளி இளகி இருக்க வேண்டும். சளி இளகி இருக்க வேண்டுமென்றால் காற்றில் ஈரம் இருக்க வேண்டும். ஹீட்டரில் மூன்று டிகிரி குறைத்தால் போதும். சளி கெட்டியாகும், காய்ச்சல் திரும்பும், தொண்டையில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றுவார்கள், பேச்சு மாசக்கணக்கில் தள்ளிப்போகும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அந்த யோசனை அவளுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது அவளுக்கு வெள்ளை பூசுவது. ஒரு நாள் விரலை அந்தக் குமிழின் மேல் வைத்துக்கொண்டு நிற்கவும் செய்தாள். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டு, டப்பாவைப் புதிதாக மாற்றி, குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்து, முப்பத்தேழில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பதினொரு நாளும் ஐந்தாம் படுக்கைக்குப் போன காற்றைப் போல ஒழுங்கான காற்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் போயிருக்காது. இதற்காக அவளைப் பாராட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்கள் எழுபத்தைந்து நிமிஷம் நனைந்த துணி வழியாக மூச்சுவிட்டுப் பார்க்கட்டும்.

இதற்கிடையில் அவளே போய்ச் சொல்லியிருக்கலாம். பெரிய டாக்டரின் அறை அதே தளத்தில்தான். இரண்டு முறை வாசல்வரை போனாள். உள்ளே ஆள் இருக்கிறது என்று திரும்பி வந்தாள். இரண்டாம் முறை உள்ளே ஆள் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்குக் குழாயை எடுத்தார்கள். பெரிய டாக்டர், இரண்டு சின்ன டாக்டர்கள், புதுத் தலைமை நர்ஸ், ஆயா, கால்மாட்டில் மனைவி. அடுத்து மூக்கில் வைக்கும் குழாயைச் சிடுமூஞ்சிதான் மாட்டினாள். தொண்டை புண்ணாகியிருக்கும், ஒரு சொல்லும் எழும்பாது; அதனால் சூடும் ஈரமும் சேர்ந்த ஆக்சிஜனை அவரால் தாங்கக்கூடிய அளவுக்கு வைத்துக் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் அவர் தொண்டை இளகியது. செருமினார்.

“பேசாதீங்க, மெதுவா,” என்றார் பெரிய டாக்டர்.

டிரைவர் கையைத் தூக்கிச் சிடுமூஞ்சியைக் காட்டினார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “ஆமாங்க, இந்தம்மாதான் உங்களைக் காப்பாத்தினது.”

“பாத்துச்சு,” என்றார் அவர். கிழிந்த துணி மாதிரிக் குரல். “அடைச்சிருந்ததை... பாத்துச்சு. எடுக்க வந்துட்டு எடுக்கல. நான் தட்டினேன். திரும்பிப் பாத்துச்சு. மெஷின் கத்துச்சு... சத்தத்தை நிறுத்திட்டு... வாசலைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.”

சின்ன டாக்டர் ஒருவர், மயக்க மருந்தில் இப்படிப் பிரமைகள் வருவது உண்டு என்று ஏதோ ஆரம்பித்தார். எல்லோரும் நம்பியும் இருப்பார்கள். அவளுக்கு ஏணி போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

“பிரமை இல்ல சார்,” என்றாள் சிடுமூஞ்சி. “அவர் சொல்றது நிஜம். என் நாத்தனார் மாட்டிக்கணும்னு விட்டு வெச்சேன். பழைய பிளாஸ்திரியைக் கிழிக்காம விட்டதும் நான்தான். அவங்க மேல பாதித் தப்புகூட இல்ல.”

பெரிய டாக்டரின் முகம் சிவந்தது. அவர் ஏதோ சொல்வதற்குள் டிரைவரின் மனைவி கால்மாட்டிலிருந்து நடந்து வந்து, அவளுக்கும் படுக்கைக்கும் நடுவில் நின்றாள்.

“இவர் உங்களுக்கு என்னம்மா பண்ணினார்?”

“ஒண்ணும் பண்ணலம்மா,” என்றாள் சிடுமூஞ்சி. “சத்தியமா, உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல.”

அந்த அம்மாள் அவளை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள்.

“இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?” என்றாள்.